இளம் பூனை சினையா? வயிற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"அக்கா, எங்க பூனைக்கு வயிறு பெருத்துருச்சு. எத்தனை குட்டி போடும்?"

பாம்பனில் எங்கள் தெருச் சிறுவர்கள் அடிக்கடி இந்தக் கேள்வியோடு வாசலில் வந்து நிற்பார்கள். பூனை அவர்கள் கையில் பின்னங்கால் தொங்கத் தொங்கக் கிடக்கும். முதலில் அதை வாங்கித் தரையில் விடுவேன். வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: "கடைசியா எப்படா கத்துச்சு?"

பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். வயிறு வெளியே தெரிய ஐந்து வாரம் ஆகிவிடும். அதாவது, நாம் வயிற்றைப் பார்த்து வியக்கும்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஏற்கெனவே இரண்டு மூன்று ஈற்று கண்ட பூனைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆறு ஏழு மாதப் பூனைக்கு அப்படியல்ல. அதன் எலும்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இடுப்பு குறுகலாக இருப்பதால் குட்டி வெளிவர முடியாமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டால் மருத்துவரிடம் காட்டி, என்ன செய்வது என்று முடிவெடுக்க நேரம் கிடைக்கும்.

இதை நான் சிப்பியிடம் கற்றேன். சாம்பல் வரிப் பூனை, ஏழு மாதம். பாலுக்குக் காலைச் சுற்றிவரும் குட்டி என்றே நினைத்திருந்தேன். ஒரு விடிகாலை வீட்டுக்குப் பின்னால் வலைக் குவியலில் முனகல் கேட்டது. இரண்டு குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே இறந்திருந்தது. இன்னொன்றின் காலில் நைலான் நூல் சுற்றியிருந்தது. சிப்பியின் காம்புகள் எப்போது சிவந்தன, எப்போது கத்தல் நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாமே கண்முன்னால்தான் நடந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் பூனைக்கும் குறிப்பு எழுதுகிறேன்.

முதல் படி: பெட்டைதானா என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம். "சினைப் பூனை" என்று கொண்டுவரப்பட்டவற்றில் நன்றாகத் தின்று கொழுத்த கடுவன்களையும் பார்த்திருக்கிறேன். வாலை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பெட்டைக்கு மலவாயும் அதன் கீழே உள்ள பிறப்புறுப்பும் நெருக்கமாக இருக்கும். கீழே உள்ளது சிறு கோடு போலத் தெரியும். கடுவனுக்கு இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும், கீழே உள்ளது சிறு வட்டம். இரண்டுக்கும் நடுவில் விதைப்பை, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

நிறமும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். வெள்ளை, கறுப்பு, செம்மை என மூன்று நிறமும் கலந்திருந்தால் அது ஏறக்குறைய எப்போதுமே பெட்டை. முழுச் செம்பூனை பெரும்பாலும் கடுவன், ஆனால் செம்பெட்டையும் உண்டு. அதனால் வாலைத் தூக்கிப் பார்ப்பதே உறுதி.

இரண்டாம் படி: வயது

"இன்னும் குட்டிதானே, அதுக்குள்ளயா?" என்ற நம்பிக்கைதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். பெரும்பாலானவை ஐந்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வந்துவிடும். எடை இரண்டு கிலோவைத் தாண்டி இரண்டரையை நெருங்கும்போது கவனமாக இருங்கள்.

படகுத்துறையில் கிடைத்த பூனைக்குப் பிறந்தநாள் யாருக்குத் தெரியும்? பல்லைப் பாருங்கள். முன்வரிசைச் சிறு பற்கள் மூன்றரை, நான்கு மாதத்தில் விழுந்து முளைக்கத் தொடங்கும். கோரைப்பற்கள் ஐந்து, ஆறு மாதத்தில் மாறும். அப்போது சில பூனைகளுக்குப் பழைய கோரையும் புதிய கோரையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரியும். ஏழு மாதத்துக்குள் எல்லாப் பற்களும் மாறிவிடும். எனவே வாயில் பால்கோரை மட்டும் இருந்தால் அது மிகவும் சின்னது; சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. புதுக் கோரை முழுதாக வந்துவிட்டால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. "அண்ணனும் தங்கச்சியும்தான், ஒரே ஈற்று, ஒன்னும் ஆகாது" என்று ஒன்றாக வளர்ப்பவர்கள் நிறையப் பேர். பூனைக்கு அந்த உறவுமுறை கிடையாது. கூடப் பிறந்த கடுவனும் ஐந்தாறு மாதத்தில் தயாராகிவிடும். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனை சினையாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கும்.

மூன்றாம் படி: கத்தல் எப்போது நின்றது?

சினையை அறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

பருவத்துக்கு வந்த பெட்டை இரவும் பகலும் நீட்டி இழுத்துக் கத்தும். தரையில் உருளும், கதவிலும் காலிலும் உரசும். முதுகைத் தடவினால் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, வால் ஒருபக்கம் ஒதுங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றோ இடுப்பு அடிபட்டிருக்கிறது என்றோ பயப்படுவார்கள். இது நான்கு முதல் ஏழு நாள் வரை இருக்கும். கடுவனோடு சேராவிட்டால் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் தொடங்கும்.

நாய்க்கு வருவதுபோலப் பூனைக்குப் பருவத்தில் ரத்தம் கசியாது. ரத்தம் தெரிந்தால் எந்த நேரத்திலும் அது நோய் அல்லது கருச்சிதைவு. மருத்துவரிடம் போக வேண்டியது.

குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனை பருவத்துக்கு வரும். நம் கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில்தான் இருக்கிறது. பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. எனவே "இது சீசன் இல்லையே" என்ற ஆறுதல் இராமநாதபுரம் மாவட்டத்தில் செல்லாது. ஐப்பசி மழையிலும் கத்தும், பங்குனி வெயிலிலும் கத்தும்.

பூனைக்குப் பெரும்பாலும் சேர்க்கை நடந்தால்தான் கருமுட்டை வெளிப்படும். அதனால் சேர்ந்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். சேர்க்கை மிகச் சில நொடிகளில் முடிந்துவிடும். கடைசியில் பெட்டை அலறி, கடுவனை அறைந்துவிட்டுத் தரையில் உருளும். இரண்டு மூன்று நாளில் பல தடவை, பல கடுவன்களோடும் நடக்கலாம். ஒரே ஈற்றில் ஒரு குட்டி கறுப்பாகவும் இன்னொன்று செம்மையாகவும் பிறப்பதற்கு, தந்தைகள் வேறுவேறாக இருப்பதும் ஒரு காரணம். நாம் பார்க்காவிட்டாலும் பிடரி முடி ஈரமாகக் கலைந்திருந்தால் கடுவன் கவ்வியிருக்கிறது என்று பொருள்.

இனி கணக்கு. கத்திக்கொண்டிருந்த பூனை வெளியே போய்வந்தபின் அடங்கிவிட்டது. மூன்று வாரம் கழித்தும் கத்தவில்லை. அப்படியானால் சினை என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். சில பூனைகள் சினையாக இருக்கும்போதும் ஒருமுறை கத்துவது உண்டு. அதனால் மறுபடி கத்தியது என்பதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

எங்கள் கரையில் நாள் கணக்கு வைக்க ஒரு வசதி இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பூனையின் சினைக்காலமும் கிட்டத்தட்ட அதேதான். தடை தொடங்கிய ஏப்ரல் 15 அன்று சேர்ந்த பூனை, படகுகள் மறுபடி கடலுக்குப் போய் இரண்டு மூன்று நாளில், ஜூன் 17 வாக்கில் குட்டி போடும். இதைச் சொன்னால் மீனவ வீடுகளில் யாருக்கும் மறக்காது. இனி வரும் அடையாளங்களையும் இந்தத் தேதிகளோடே சொல்கிறேன். உங்கள் பூனைக்கு அதற்கேற்ற நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காம்பு

மே 3 முதல் 6 வரை, அதாவது 18 முதல் 21 நாளுக்குள், காம்புகள் மாறும். பூனைக்கு வழக்கமாக எட்டுக் காம்புகள், இரண்டு வரிசையாக. சினையாகாத இளம் பூனைக்கு அவை கடுகளவுதான், முடிக்குள் தேடினால்தான் கிடைக்கும். சினையான மூன்றாவது வாரத்தில் உளுந்தளவுக்குப் பருத்து, இளஞ்சிவப்பாகி, சுற்றிலும் முடி கொஞ்சம் விலகி நிற்கும். பின்கால் பக்கத்துக் காம்புகளை முதலில் பாருங்கள், அங்கே எளிதாகத் தெரியும்.

முதல் சினைப் பூனையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே பால் கொடுத்த பூனையின் காம்பு எப்போதும் சற்றுப் பெரிதாகவே இருக்கும் என்பதால் அங்கே குழப்பம் வரும். இளம் பூனையிடம் அந்தக் குழப்பம் இல்லை.

பார்க்கும் முறை: பூனை தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூக்கத்துக்குச் சரியும் நேரம் வரை காத்திருங்கள். பக்கவாட்டில் படுத்திருக்கும்போது விரல்நுனியால் முடியை விலக்கிப் பாருங்கள். மல்லாக்கப் புரட்ட வேண்டாம், அழுத்த வேண்டாம். கறும்பூனை என்றால் கைபேசி வெளிச்சம் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். இன்று மட்டும் பார்த்தால் சந்தேகமாக இருக்கும் மாற்றம், இரண்டு வாரப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. சேர்க்கை நடந்து கரு தங்காவிட்டாலும் சில பூனைகளுக்குப் பொய்ச்சினை வரும். கத்தல் நிற்கும், காம்பும் சற்று மாறலாம், ஏறக்குறைய நாற்பது நாளில் எல்லாம் அடங்கிப் பூனை மறுபடி கத்தும். வெளியே பார்த்து இதைப் பிரிக்க முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். அடுத்தது, காம்பு மட்டுமல்லாமல் மடியே கட்டிகட்டியாக வீங்கி, தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தால் அது சினை அடையாளமல்ல. இளம் பெட்டைகளுக்குப் பருவம் முடிந்தபின் இப்படி ஒரு மடிவீக்கம் வருவதுண்டு. தோல் வெடித்துப் புண்ணாகலாம், உடனே காட்டுங்கள்.

ஐந்தாம் படி: நடத்தை

இதை அதிகம் நம்பாதீர்கள். மூன்று, நான்காவது வாரத்தில் சில பூனைகள் ஓரிரு நாள் சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும். அதன்பிறகு பசி கூடும், தூக்கம் கூடும், உயரத்திலிருந்து குதிப்பது குறையும். சில பூனைகள் மடியை விட்டு இறங்காது, சில பக்கத்தில் வரவே விடாது. வளரும் பூனைக்கும் பசி கூடும், வெயிலுக்கும் தூக்கம் கூடும். காம்பும் தேதியும் ஒத்துப்போனால் இவை துணைச்சாட்சி, அவ்வளவுதான்.

ஆறாம் படி: இப்போது வயிறு

மே 20 வாக்கில், ஐந்து வாரம் முடியும்போது, வயிறு தெரியத் தொடங்கும். மேலிருந்து பாருங்கள். சினை வயிறு விலா எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பேரிக்காய் போல அகலும். ஜூன் முதல் வாரத்தில், ஏழு வாரம் ஆனபின், பூனை தூங்கும்போது வயிற்றுத் தோலுக்கடியில் அசைவு தெரியும். அதைப் பார்த்தபின் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஒன்றிரண்டு குட்டிகள் மட்டும் தங்கிய இளம் பூனைக்குக் கடைசி வரை வயிறு பெரிதாகத் தெரியாமலே போகலாம். சிப்பிக்கு அப்படித்தான் ஆனது.

எடை பார்ப்பதும் உதவும். மீன் கடைத் தராசில் கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். ஆனால் ஏழு மாதப் பூனை சினையாகாவிட்டாலும் வளரும், எடை கூடும். எண்ணை மட்டும் பார்க்காமல் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். முதுகில் சதை பிடித்து வயிறும் வளர்ந்தால் நல்லது. முதுகெலும்பு முள்ளு முள்ளாகக் குத்தி, வயிறு மட்டும் உருண்டிருந்தால் பெரும்பாலும் புழு.

இந்தப் புழு வயிறு எங்கள் கரையில் மிகச் சாதாரணம். தடைக்காலத்தில் துறையில் கழிவு மீன் கிடைக்காது, பூனைகள் எலும்பும் தோலுமாகும், வயிறு மட்டும் உப்பி நிற்கும். கீழக்கரையில் ஒரு லாத்தா தன் பூனைக்குக் குட்டி பிறக்கும் என்று துணி விரித்து, தினம் முட்டை கொடுத்து இரண்டரை மாதம் காத்திருந்தார். "ரெண்டரை மாசமா லாத்தா? அப்ப இது குட்டி இல்லை" என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பினேன். பூச்சி மருந்து கொடுத்து மூன்றாம் நாள் வயிறு வடிந்துவிட்டது. முடி மங்கலாக நிற்பது, மலத்திலோ வாந்தியிலோ நூல் போன்ற புழு, மலவாயைச் சுற்றி அரிசி போன்ற துண்டுகள் எல்லாம் புழுவின் அடையாளங்கள். பூச்சி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சினையாக இருந்தால் எல்லா மருந்தும் ஆகாது. சினை என்ற சந்தேகத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வயிறு வீங்க வேறு காரணங்களும் உண்டு. காலையில் படகு வந்ததும் வயிறு முட்டத் தின்ற பூனையைப் பத்து மணிக்குப் பார்த்தால் எதுவும் சினை போலத்தான் தெரியும். மறுநாள் வெறும் வயிற்றில் பாருங்கள். மலச்சிக்கலும் வயிற்றை உப்ப வைக்கும். தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று வயிறு வீங்கி, விட்டுவிட்டுக் காய்ச்சல், சாப்பாடு இல்லை, உடல் இளைக்கிறது என்றால் அது வயிற்றில் நீர் கோக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளுக்கே அது அதிகம் வரும். பருவம் முடிந்து சில வாரத்தில் பூனை சோர்ந்து, தண்ணீரை நிறையக் குடித்து, பின்பக்கம் நாற்றமாகச் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ். சில பூனைகளுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கி வயிறு பெருக்கும். அது இன்னும் ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வயிற்றை அமுக்கிக் குட்டியை எண்ண முயலாதீர்கள். பெரியவர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பழகிய கையோடு பூனையின் வயிற்றையும் அழுத்திப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பூனைக் கரு மூன்று, நான்காவது வாரத்தில் சின்ன மணி போல இருக்கும். தெரியாத கை அழுத்தினால் கரு கலைந்துவிடும்.

மனிதருக்கான சினைச் சோதனை அட்டையும் பூனைக்குப் பயன்படாது. அது தேடும் ஹார்மோன் பூனை உடலில் சுரப்பதே இல்லை.

ஏழாம் படி: மாட்டாஸ்பத்திரி

ஊரில் மாட்டாஸ்பத்திரி என்றே சொல்வோம். பலகையில் கால்நடை மருந்தகம் என்று எழுதியிருக்கும். பூனையையும் பார்ப்பார்கள். தயங்காமல் போங்கள். பழகிய மருத்துவர் 17 முதல் 25 நாளுக்குள் வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார். ஐந்து வாரம் ஆனால் கருப்பை முழுதும் நீர் நிறைந்து, கைக்குத் தனித்தனியாகத் தெரியாது. ஸ்கேனில் மூன்று வாரத்துக்கு மேல், மே 6 முதல் 10 வாக்கில், இதயத் துடிப்பையே பார்க்கலாம். எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்ரே நல்லது, ஆனால் எலும்பு பிடிக்க 45 நாளாவது ஆக வேண்டும், அதாவது மே 30க்குப் பிறகு. சிறு பூனைக்கு ஸ்கேன் செய்ய மதுரை வரை போகிறவர்களும் உண்டு. எனவே புறப்படும் முன் பக்கத்து மருத்துவரிடம் எங்கே வசதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடியுள்ள கூடையில் துணி போட்டுக் கொண்டுபோங்கள். கையில் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினால் ஹாரன் சத்தத்தில் பூனை பாய்ந்துவிடும். மருத்துவரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: வயது அல்லது பல் நிலை, கடைசியாகக் கத்திய தேதி, காம்பு மாறியதைக் கவனித்த தேதி, இதுவரை கொடுத்த மருந்தும் ஊசியும். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் சில தடுப்பூசிகளைச் சினைப் பூனைக்குப் போடக்கூடாது. படங்களையும் காட்டுங்கள்.

சினைதான் என்றால்

இங்கே மனம் கனக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. மிகச் சின்னப் பூனை, அல்லது நோஞ்சான், சினையும் தொடக்கத்தில்தான் என்றால், அப்போதே கருத்தடை அறுவை சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அதில் சினையும் கலைந்துவிடும். நாள் ஏற ஏற அறுவையில் ரத்தச் சேதமும் ஆபத்தும் கூடும். எல்லா வீட்டிலும் இதற்கு மனம் வராது, எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மாதப் பூனை பிரசவத்தில் தவித்துச் சாவதைப் பார்த்த பிறகு, நான் இதைக் கொடுமை என்று சொல்ல மாட்டேன். பூனையின் இடுப்பையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்வதே சரியான பதில். மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வீட்டு வைத்தியமாகப் பப்பாளி, எள் என்று எதையும் கொடுக்காதீர்கள். மெடிக்கலில் மனிதருக்கான கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அதனால் கருப்பையில் சீழும் மடியில் கட்டியும் வரும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்தாலும் உயிர் போகும். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் அப்படியே.

குட்டி போடட்டும் என்று முடிவெடுத்தால், அந்தப் பூனை தன்னையும் வளர்த்து வயிற்றுக் குட்டியையும் வளர்க்கிறது என்பதை மனதில் வையுங்கள். பால்சோறு போதாது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் தீவனம் வாங்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் முள் நீக்கி வேக வைத்த மீன், கோழி, முட்டை, கொஞ்சம் ஈரல். உப்பும் மிளகாயும் வேண்டாம். கருவாட்டுத் தலையை அள்ளிப் போடும் பழக்கத்தை விடுங்கள், அதில் உப்பு மிக அதிகம். பச்சை மீனை மட்டுமே தின்று வாழ்வதும் நல்லதல்ல. சாளை, நெத்திலி போன்ற சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேக வைத்தால் அது போய்விடும். ஒருவேளைக்கு நிறையப் போடாமல், நாளைக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிற்றில் குட்டி நிறைந்தபின் இரைப்பைக்கு இடமிருக்காது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. நமக்கு வாங்கும் குடிதண்ணீரிலேயே பூனைக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

குட்டி போடும் இடத்தை ஜூன் முதல் வாரத்திலேயே தயார் செய்யுங்கள். பூனை தானாக வலைக் குவியல், கவிழ்த்த வல்லத்தின் அடி, பனையோலைக் கட்டு என்றுதான் தேடும். வலையில் நூல் சுற்றும்; வல்லத்தை எப்போது தள்ளுவார்கள் என்று தெரியாது; ஓலைக்கட்டில் பாம்பு வரும். வீட்டுக்குள் இருட்டான மூலையில் அட்டைப்பெட்டி, அதில் பழைய பருத்திச் சேலை. மழைக்காலமானால் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஒருமுறை ஏற்பாடு செய்தபின் அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, பெரும்பாலும் நாம் தொந்தரவு செய்வதால்தான் மாற்றுகிறது.

ஜூன் 12 முதல், அதாவது 58ஆம் நாளிலிருந்து, இரவில் கூடப் பூனையை வெளியே விடாதீர்கள். கடைசி ஓரிரு நாளில் மடியில் பால் இறங்கும், பூனை துணியைப் பிறாண்டும், சாப்பிடாது. உடல் சூடு வழக்கமான 100 முதல் 102.5 பாரன்ஹீட்டிலிருந்து 100க்குக் கீழ் இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி எதிர்பார்க்கலாம். முரண்டு பிடிக்கும் பூனையிடம் தெர்மாமீட்டரோடு போராட வேண்டாம், மற்ற அடையாளங்களே போதும்.

முதல் பிரசவத்தில் பக்கத்து அறையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், குட்டி பாதி வெளியே வந்து நின்றுவிட்டால், ரத்தம் நிற்காமல் வந்தால், குட்டி வரும் முன்பே பச்சையாகவோ நாற்றமாகவோ வடிந்தால், ஒரு குட்டிக்குப் பின் இரண்டு மணி நேரம் தவித்தும் அடுத்தது வராவிட்டால், காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணிலும் கேட்டுப் பாருங்கள். சினைக் கணக்கு 67 நாளைத் தாண்டினாலும், நம் தேதிப்படி ஜூன் 21 கடந்தாலும், ஒருமுறை காட்டிவிடுங்கள். குட்டி போட்டபின் தாய் நடுங்கினாலோ விறைத்து நடந்தாலோ சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது, அதுவும் அவசரம்தான். இளம் தாய்க்கு இது வர வாய்ப்பு உண்டு.

குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வரலாம். சில பூனைகள் சில வாரத்திலேயே கத்தத் தொடங்கிவிடும். அதனால் குட்டி பிறந்த நாளையும் நாட்காட்டியில் எழுதி, எட்டு வாரம் கழித்து ஒரு வட்டம் போடுங்கள். குட்டிகள் பால் மறக்கும் அந்தச் சமயத்தில் தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை கடுவன் வரும் ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். சிப்பிக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிழைத்த அந்த ஒற்றைக் குட்டிக்கும் பிறகு ஐந்தாவது மாதத்திலேயே, ஒருமுறை கூடக் கத்துவதற்கு முன்னால், அறுவை முடித்துவிட்டோம். இப்போது இரண்டும் திண்ணையில் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்குகின்றன.